உன் கிரிட்ஸ் ஏன் கரைந்தது?

அன்புள்ள தோழிக்கு,

மூன்று வாரமாகப் பதில் போடாதது தப்புதான், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அத்தை இன்னும் அதே அத்தைதான்.

கிரிட்ஸை, அதாவது அந்த மக்காச்சோள ரவைக் களியைத் துண்டு போட்டுப் பொரித்தால் எண்ணெயில் கூழாகப் பரவிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்குக் குடிபோய் நாலே மாதத்தில் அதில் கைவைத்தாயே, சபாஷ். ஆனால் 2002-இல் கிரிட்ஸை அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இன்ஸ்டன்ட் பொட்டலம் வாங்கலாமாடி? அது ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தியது. வெந்நீரில் குழையும், ஆறினால் கெட்டியாக இறுகாது. கல்லில் அரைத்த கரகரப்பான ஸ்டோன் கிரவுண்ட் வாங்கு, அவசரத்துக்குச் சீக்கிரம் வேகும் குவிக் கிரிட்ஸ் போதும்.

பொரிப்பதில் இல்லை சூட்சுமம், வேகவைப்பதில் இருக்கிறது. மக்காச்சோள ரவை நன்றாக வெந்தால்தான் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி வெளியே கசியும். ஆறும்போது அதுதான் பசையாக இறுகித் துண்டைப் பிடித்துவைக்கும். களி ஆறினால் கத்தியால் வெட்ட வருகிறதே, அதே கதைதான். பாதி வெந்த ரவையில் பசை போதாது, திருப்பும்போதே உதிரும்.

காலைச் சாப்பாட்டுக்கு ஒரு கப் ரவைக்கு நாலு கப் தண்ணீர் வைப்பார்கள். பொரிக்க அது அதிகம். ஸ்டோன் கிரவுண்டுக்கு மூன்றரை, குவிக்குக்கு மூன்று. உப்பு ஒரு டீஸ்பூன், தண்ணீர் கொதிக்கும்போதே போடு. ரவையை ஒரு கையால் தூவிக்கொண்டே மறு கையால் கிண்டு, மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். பிறகு தீயைச் சிறிதாக்கி மூடிவை. குவிக்குக்கு ஏழு நிமிடம். ஸ்டோன் கிரவுண்டுக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். நடுநடுவே அடி வரைக்கும் கிண்டு. விரலில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது, கரண்டி நட்டால் நிற்க வேண்டும். இறக்கியபின் ஒரு டேபிள்ஸ்பூன் வெண்ணெய். சீஸ் வேண்டுமென்றால் 50 கிராம் செடார், அதற்கு மேல் வேண்டாம். உருகி வெளியே வந்து சட்டியில் ஒட்டும்.

ஒன்று கவனம். கொதிக்கும் கிரிட்ஸ் குமிழ்விட்டுத் தெறிக்கும், தோலில் ஒட்டிக்கொண்டே சுடும். சின்னவனை அடுப்புப் பக்கம் விடாதே.

எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு ஊற்றிச் சமப்படுத்து. பிளாஸ்டிக் தாளை மேற்பரப்பிலேயே ஒட்டினாற்போல் போட்டு, ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வை. இரண்டு மணி நேரத்தில் எடுத்தால் ஓரம்தான் இறுகியிருக்கும், நடு கொழகொழவென்று இருக்கும். நீ அங்கேதான் அவசரப்பட்டிருப்பாய். காலையில் துண்டு போட்டு, ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, அரிசி மாவிலோ கார்ன்ஃப்ளவரிலோ லேசாகப் புரட்டித் தட்டிவிடு. மாவு அப்பினால் எண்ணெயில் உதிர்ந்து கருகும்.

இரும்புச் சட்டிதான் சரி. அரை சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடலை எண்ணெய். உங்கள் மாநிலத்தில் கடலைக்கா பஞ்சம்! 180 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஒரு சிட்டிகை மாவு போட்டால் உடனே சடசடக்க வேண்டும், புகையக் கூடாது. ஒரு தடவைக்கு நாலு துண்டு, இடைவெளி விட்டு. கூட்டினால் எண்ணெய் சூடு இறங்கி, துண்டு எண்ணெய் குடிக்கும். பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் தொடாதே. ஓரம் பொன்னிறமாகிச் சட்டியைத் தானே விட்டால் திருப்பு. இழுத்துப் பார்த்தாயானால் மொறுமொறுப்பு சட்டியோடு போய்விடும்.

எடுத்ததும் கம்பித் தட்டில் வை. காகிதத்தில் போட்டால் அடியில் ஆவி தேங்கி நமுத்துவிடும். மிச்சமிருந்தால் ஓவனில் சூடாக்கு, மைக்ரோவேவ் பக்கமே போகாதே. அந்த ஊர்க்காரர்கள் சிரப் ஊற்றுவார்கள், இறாலும் வைப்பார்கள். உனக்கு மிளகுத்தூளும் காரச் சட்னியும் போதும்.

சனிக்கிழமை ராத்திரி வேகவைத்துவிடு, ஞாயிறு காலை பொரி. எப்படி வந்தது என்று அன்றைக்கே எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி