அந்தக் கோர் பெட்டிகளைத் திறந்து விடுங்கள்

காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டிய, தோண்டிவரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் நிலவியல் கற்பிக்கிறேன். பழைய கிணறுகளின் கோர்களையும் (ஆழத்திலிருந்து வெட்டியெடுத்த உருளைவடிவப் பாறைத் துண்டுகள்) கட்டிங்ஸையும் (தோண்டும்போது மேலே வரும் பாறைத் துகள்கள்) எங்கள் மாணவர்கள் தொட்டுப் படிக்க வழிசெய்ய வேண்டும் என்று கேட்டே இதை எழுதுகிறேன்.

முதல் வகுப்பை மெரினாவில்தான் எடுப்பேன். அலை வழித்துப்போன இடத்தில் கறுப்பும் சிவப்புமாய் மணல் கோடு கிடக்கும். கறுப்பில் பெரும்பங்கு இல்மனைட் என்னும் கனிமம், சிவப்பு கார்னெட் என்னும் கனிமம். "இது எந்தப் பாறையின் பிள்ளை?" என்று கேட்பேன். பிறகு பல்லாவரத்துச் சார்னோக்கைட்டைக் காட்டி, கடும் வெப்பத்தில் உருவான இத்தகைய உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து வந்த கதையைச் சொல்வேன்.

நரிமணம் பக்கம் எண்ணெய் தேங்கிய ஆழத்து மணற்கற்களிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். மணற்கல்லைப் பொடித்து புரோமோஃபார்ம் என்னும் அடர்ந்த திரவத்தில் போட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், கனத்த கனிமங்கள் அடியில் தங்கும். அதில் சிர்கான் என்னும் கனிம மணிகளைப் பொறுக்கி, அவற்றில் உள்ள யுரேனியத்தையும் அது காலப்போக்கில் சிதைந்து உருவான ஈயத்தையும் அளந்தால் வயது கிடைக்கும். 250 கோடி ஆண்டு என்றால் தர்மபுரி, சேலம் பக்கத்துப் பாறைகளைக் கைகாட்டும். 55 கோடி என்றால் மதுரைப் பக்கம்.

ஆனால் சிர்கானை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். அது அழியாத மணி. ஒரு மணற்கல்லிலிருந்து உதிர்ந்து இன்னொன்றில் போய்ச் சேர்ந்தாலும் பழைய வயதையே சொல்லும். கார்னெட்டோ ஆழத்தின் சூட்டிலும் நீரிலும் கரைந்துபோகும். அடியில் அது இல்லை என்பதால் மூலப்பாறையிலும் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் பக்கத்துக் களிப்பாறையின் லாந்தனம், தோரியம், ஸ்காண்டியம் விகிதங்களையும் பார்க்க வேண்டும். நீரில் எளிதில் கரையாத தனிமங்கள் என்பதால் மூலப்பாறையின் சாயல் அவற்றில் பெரிதும் நிற்கும். சிர்கான் வயது, கனத்த கனிமங்கள், களிப்பாறையின் விகிதங்கள் என இந்த மூன்று சாட்சிகளும் ஒத்துப்போனால்தான் நான் நம்புவேன்.

உங்களுக்கும் இதில் பயன் உண்டு. ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் மிகுந்த மூலத்திலிருந்து வந்த மணலில், அது களிமண்ணாக மாறி, எண்ணெய் தங்கும் துளைகளை அடைக்கலாம். ஆறு எந்தப் பக்கமிருந்து மணலைக் கொட்டியது என்று தெரிந்தால், நல்ல மணலை எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிடங்கில் சிறு துண்டுகள் கேட்டு எழுதினோம். பதிலே இல்லை. காத்திருந்த மாணவி வேறு தலைப்புக்கு மாறிவிட்டாள். இன்னும் மனம் ஆறவில்லை.

ரகசியம் காக்க வேண்டிய புதிய கிணறுகளை விடுங்கள். கைவிட்ட கிணறுகள் போதும். ஒரு மாதிரிக்குக் கைப்பிடி கட்டிங்ஸ், கோரில் விரல் நீளத் துண்டு. வயதை அளக்க லேசர் சிர்கானில் போடும் குழி தலைமுடியின் தடிமனைவிடச் சிறியது. இடமில்லை என்று பெட்டிகளை அப்புறப்படுத்தும் முன்பாவது எங்களிடம் சொல்லுங்கள். வண்டி பிடித்து நாங்களே வருகிறோம். பெயர்ச்சீட்டு, ஆழக் குறிப்பு எதுவும் கலையாமல் அடுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு நிலவியல் ஆசிரியர்