"ரௌட்டரை மாத்துங்க" என்று சொல்வதற்கு முன்னால்: பிராட்பேண்ட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனங்களுக்கு,

வணக்கம்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று சேவை எண்ணுக்கு அழைத்தால், இரண்டாவது நிமிடத்தில் வரும் பதில் எங்களுக்கு மனப்பாடம்: "உங்க ரௌட்டர் பழசு, புதுசு மாத்திப் பாருங்க." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி எத்தனையோ வீடுகளில் நல்ல ரௌட்டர்கள் பரணுக்குப் போயிருக்கின்றன. என் அக்கா வீட்டிலும் போனது.

அக்கா எடுத்திருந்தது 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு 300 மெகாபிட் வேகம்) பிளான். பழைய ரௌட்டரில் சோதித்தால் 94 வந்தது. மாற்றச் சொன்னார்கள். விசாரித்து, நல்லதாகப் பார்த்து ஒன்று வாங்கிப் பொருத்தினோம். மறுபடியும் 94. ரௌட்டருக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்தாலும் அதே 94. காலையிலும் 94, நடுராத்திரியிலும் 94.

இப்படி அசையாமல் நிற்கும் எண்ணே துப்பு கொடுத்துவிடுகிறது. வைஃபை கோளாறாக இருந்தால் எண் ஏறி இறங்கும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில், அதாவது கேபிள் வழி இணைப்பில், பாக்கெட்டுகள் எனும் சின்னச் சின்ன தரவுத் துண்டுகளின் தலைப்புத் தகவல்கள் எடுத்துக்கொண்டது போக நம் கைக்கு வருவது சுமார் 94தான். அப்படியென்றால் வழியில் ஏதோ ஓரிடத்தில் 100 எம்பிபிஎஸ் கதவு ஒன்று இருக்கிறது. ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நடுவே இருந்த சின்ன கேபிளைக் கழற்றி, அதன் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஈதர்நெட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கை வைத்துக்கொண்டு 100க்கு மேல் போக முடியாது. இணைப்பு கொடுக்க வந்தவர் பொருத்திவிட்டுப் போன கேபிள் அது. மாற்றிய உடனே முழு வேகமும் வந்தது. அப்புறம் பழைய ரௌட்டரைத் திரும்ப மாட்டிப் பார்த்தோம், அதிலும் வந்தது.

ரௌட்டரை மாற்றுவதே வீண் என்று நான் சொல்லவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள, 2009இல் வந்த 802.11என் என்ற வைஃபை தரத்தின் காலத்துப் பெட்டி ஒன்று அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தால், மாற்றுவதுதான் சரி. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். இருபது வீட்டு ரௌட்டர்கள் அந்த மூன்றைத்தான் பங்கு போட வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டச் சிரமப்படும் என்பதையும் சொல்லுங்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரௌட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்தாலே பாதி வீடுகளில் புகார் தீர்ந்துவிடும் என்பது என் கணிப்பு. அப்புறம், கையில் இருக்கும் போன் வைஃபை 5 என்ற பழைய தலைமுறை என்றால், புதிய தலைமுறையான வைஃபை 7 ரௌட்டரும் அதனோடு வைஃபை 5இல்தான் பேசும்.

பிளான் 50 எம்பிபிஎஸ், கேபிள் வழியாகச் சோதித்தால் அந்த 50ம் முழுசாக வருகிறது என்றால், எந்த ரௌட்டரும் அதை 60 ஆக்காது. இதை நீங்களே சொன்னால் மக்கள் நம்புவார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருக்கிறாள். பக்கத்து அறையில் யாரோ ஒருவரின் போன் நூறு போட்டோக்களைக் கிளவுடில் ஏற்றத் தொடங்குகிறது. ஆசிரியரின் குரல் துண்டு துண்டாகிறது. உங்களை அழைத்தால் வேகச் சோதனையின் எண்ணைக் கேட்கிறீர்கள். சோதிக்கும்போது எண் சரியாகவே வருகிறது, புகார் மூடப்படுகிறது. நடப்பது என்னவென்றால், மேலே போகும் பாக்கெட்டுகள் பெட்டிக்குள் நீண்ட வரிசையில் தேங்குகின்றன. 20 மில்லி விநாடியில் திரும்ப வேண்டிய பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் சோதனை), பல நூறு மில்லி விநாடி ஆகிறது. குரல் பாக்கெட்டும் அந்த வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இலேயே இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதையொட்டி வந்த எஃப்கியூ-கோடெல் 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. வரிசையைச் சரியாகக் கையாளும் ரௌட்டர் இருந்தால், பிளானை மாற்றாமலே அந்த வகுப்பு தடையில்லாமல் நடக்கும். ரௌட்டரை மாற்றுவதால் உண்மையான பலன் கிடைக்கும் இன்னொரு இடம் இது. அதே இடத்தில்தான் எங்களுக்குப் பெரிய பிளானை விற்கப் பார்க்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. நீங்கள் தரும் பெட்டியிலேயே வரிசையைக் கையாளும் இந்த வசதியை இயக்கிக் கொடுங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள பெட்டியை 300 பிளானோடு தராதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க முடியாத அளவுக்குப் பழசான பெட்டியை நீங்களாகவே மாற்றிக் கொடுங்கள். சொந்த ரௌட்டர் வைத்திருப்பவர் உங்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரௌட்டர் வேலையைச் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலையில்) போடச் சொன்னால் அலைக்கழிக்காமல் செய்து கொடுங்கள்.

வீட்டுக்கு ஃபைபர் வழியாக வரும் ஒளியின் அளவை உங்கள் இடத்தில் இருந்தபடியே நீங்கள் பார்க்கலாம். அழைப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதைப் பாருங்கள். பிறகு, "லேப்டாப்பைக் கேபிளில் நேராகச் செருகிப் பார்த்தீர்களா, எவ்வளவு வந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு ரௌட்டரைப் பற்றிப் பேசுங்கள்.

இப்படிக்கு,
மாதம் தவறாமல் கட்டணம் கட்டும் சந்தாதாரர்களில் ஒருவர்