வட்டிப் பணமும் அடையாள அட்டைப் பிரதியும்

கிளிநொச்சி

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய ஆறுதல். இங்கே காலபோக வெட்டு முடிந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் இந்தமுறை எவ்வளவு சிறுபோகம் செய்யலாம் என்ற கதைதான் ஊர் முழுக்க. நான் பாதி வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன். இடுப்பு இனி இடம் கொடுக்காது.

வைப்பு வட்டியில் பத்தில் ஒரு பங்கு வெட்டுப்பட்டதை எழுதிவிட்டு, "அரசாங்கம் எடுத்தது எடுத்ததுதான்" என்று முடித்திருக்கிறாய். அப்படி விடாதே. வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமானது உண்மைதான். ஆனால் வருமான வரி தொடங்கும் எல்லையும் அப்போதே ஆண்டுக்கு 12 லட்சத்திலிருந்து 18 லட்சமாக உயர்ந்தது. உன் ஓய்வூதியம் அரசாங்க ஓய்வூதியம், அதற்கு வருமான வரியே இல்லை. மிச்சம் தென்னங்காணியும் வட்டியும்தான். அது எங்கே 18 லட்சத்தைத் தொடப்போகிறது? வருமானம் அந்த எல்லைக்குள் இருப்பவர்கள் வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் வரி பிடிக்கமாட்டார்கள். 10 லட்சத்துக்கு 8 வீதம் என்றால் வட்டி 80,000, வரியாகப் போவது 8,000. மருந்துக் கடையில் நாம் கொடுக்கும் காசை நினைத்துப் பார்.

அந்தப் படிவத்துக்கு ரின் (TIN) என்ற வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் வேண்டும். ரின் எடுத்தால் வரி கட்டவேண்டி வரும் என்று சந்தியில் பேசுவதை நம்பாதே. அது வெறும் பதிவு, வரி வருமானத்தைப் பொறுத்தது. பதிவுக்குக் காசு இல்லை, மகள் இணையத்திலேயே செய்து தருவாள். சந்தேகம் என்றால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தை 1944 இல் கேட்கலாம். வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதால், படிவத்தை ஆண்டுதோறும் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்ததை நவம்பர் 30 க்கு முன் வருமான அறிக்கை கொடுத்துத் திருப்பிக் கேட்கலாம்.

இன்னொன்று, 60 வயது கடந்தவர்களுக்கு 10 லட்சம் வரையான ஒருவருட வைப்புக்கு 3 வீதம் கூட்டிக் கொடுக்கும் திட்டம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. உன் வங்கியில் கட்டாயம் கேள். கூடுதல் வட்டி என்று யாராவது ஆசை காட்டினால் மட்டும் நிதானமாக இரு. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியிலும் நிதிக் கம்பனியிலும், ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் வரைதான் காப்புறுதிப் பாதுகாப்பு. வேறு இடங்களில் அதுவும் இல்லை.

மச்சான், நீ போகிறபோக்கில் எழுதிய வேறொரு வரிதான் என்னை இருக்கவிடவில்லை. முதியோர் உதவித் திட்டம் என்று வீட்டுக்கு வந்த பொடியன்களிடம் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் கொடுத்தாயாமே. உன்னைக் குறை சொல்லவில்லை. வன்னியில் நாம் எல்லோரும் அப்படிப் பழக்கப்பட்டவர்கள். மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து தொடங்கி மீள்குடியேற்றம், வீட்டுத் திட்டம், கிணறு, கோழிக்குஞ்சு என்று எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று பிரதி கொடுத்தோம். வந்தவர் யார் என்று கேட்டால் பட்டியலில் பெயர் வெட்டுப்படும் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஒருவர் ஃபைலோடு படலைக்கு வந்தாலே நாம் உள்ளே போய்க் காகிதங்களை எடுத்துவருகிறோம். கடைசிப் போரில் நகையை விட்டாலும் காகிதப் பையை விடாமல் மாத்தளன் வரை சுமந்த சனம் நாங்கள். அதை இப்படிக் கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

நம் பழைய அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்கத்திலும் இதே ஒழுங்குதான், ஆண்டு மட்டும் முழுதாக இருக்கும். ஆகவே பிரதி வைத்திருப்பவனுக்கு உன் பிறந்த திகதி தெரியும். ஏ.ரி.எம். அட்டைக்குப் பிறந்த ஆண்டை இரகசிய எண்ணாக வைத்திருந்தால் இன்றைக்கே மாற்று. உன் பெயரில் யாராவது கடனோ பிணையோ வைத்திருக்கிறார்களா என்று கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை எடுத்துப் பார்க்கலாம், நம் அறிக்கையை நாமே கேட்டுப் பெறலாம். இனிப் பிரதி கொடுக்க நேர்ந்தால் அதன் குறுக்கே என்ன தேவைக்கு, யாருக்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதிக் கொடு. வீட்டுக்கு வருபவர்களை முதலில் கிராம சேவகரிடம் அனுப்பு. உண்மையான ஆட்கள் கோபிக்கமாட்டார்கள்.

போனில் வரும் ஓடிபி எண்ணை வங்கி என்று சொன்னாலும் யாருக்கும் சொல்லாதே. கனடாவில் இருக்கும் மகன் புது நம்பரிலிருந்து வட்ஸ்அப்பில் அவசரமாகக் காசு கேட்டால், பழைய நம்பருக்கு எடுத்து அவன் குரலைக் கேட்டபிறகு மற்றதைப் பார். தங்கச்சிக்கும் இதைச் சொல்லிவை.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிறேன். வங்கியில் வரி பிடித்ததற்கான சான்றிதழை வாங்கி வைத்திரு, இருவருமாக இருந்து அறிக்கையை நிரப்புவோம். புது ஆண்டுக்கான படிவத்தை மட்டும் நான் வரும்வரை வைத்திருக்காமல் ஏப்ரல் பிறந்ததும் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி