மும்பை லேப்ராஸ்கோபி சர்ஜன்களுக்கு தாராவியிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். இந்தியாவில் முதன்முதலாக லேப்ராஸ்கோபி முறையில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்து, பித்தப்பையை அகற்றியது நம் ஜே.ஜே. மருத்துவமனையில்தான். 1990-இல் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா செய்தார். பெரிய கீறல் இல்லாமல் சீக்கிரம் வீடு திரும்ப முடிகிறது என்றால் தினக்கூலிக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் இந்தத் தூர்பீன் ஆபரேஷன் (லேப்ராஸ்கோபியை நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்) முடிந்து அனுப்பும்போது, ‘சின்னத் தையல்தான், பயப்படாதீங்க’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. சின்னதாக இருப்பது தோலில் தெரியும் தழும்பு. 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட துளைகளில், அதுவும் தொப்புள் பக்கத்தில், உள்ளே வயிற்றுச் சுவர் சரியாகக் கூடாமல் போனால் பிறகு ஹெர்னியா, அதாவது அந்த இடைவெளி வழியாகக் குடலோ கொழுப்போ பிதுங்குவது, வரலாம். கல் பெரிதாக இருந்து, பித்தப்பையை வெளியே எடுக்கத் துளையை அகலப்படுத்தினால் ஆபத்து கூடுகிறது. உடல் பருமன், சர்க்கரை நோய், புண்ணில் சீழ் இருந்தாலும் அப்படித்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. எங்கள் காதுக்குத்தான் வந்து சேர்வதில்லை.

எங்கள் சந்தில் இட்லி விற்கும் அக்கா ஒருவர், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு தொப்புளருகே வந்த புடைப்பைக் கொழுப்பு என்றே நினைத்திருந்தார். படுத்தால் உள்ளே போய்விடும், வலியும் கிடையாது. மாவுக் குண்டானைத் தூக்குவதையும் அவர் நிறுத்தவில்லை. ஒரு நாள் அது கல்லாக இறுகி, வாந்தி நிற்காமல், நடுராத்திரியில் அவசர ஆபரேஷனுக்குப் போக வேண்டியதாயிற்று. முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பகலிலேயே நடந்து வந்து காட்டியிருப்பார்.

ஆகவே டிஸ்சார்ஜ் பேப்பரில் எந்தத் துளையை அகலப்படுத்தினீர்கள், உள்ளே தையல் போட்டீர்களா என்று எழுதுங்கள். அடுத்து பார்க்கும் டாக்டருக்கும் அது உதவும். இருமும்போதோ நிற்கும்போதோ புடைத்தால் வந்து காட்டவும், புடைப்பு உள்ளே போகாமல் வலியும் வாந்தியும் வந்தால் உடனே கிளம்பவும் சொல்லி, தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் நாலு வரி அச்சடித்துக் கொடுங்கள். அப்புறம், ‘கனம் தூக்காதே’ என்பதற்கு முன் என்ன வேலை என்று கேளுங்கள். எத்தனை வாரம் என்பதையும் சொல்லுங்கள். அதற்கேற்ப மாவு தூக்க வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

தமிழில் எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள். இங்கே பலர் இருக்கிறோம், சம்பளம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
தாராவித் தமிழர் ஒருவர்