கட்டைக் குரல்காரிக்கு

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள விசாலம்,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. நீ திட்ட ஆரம்பிப்பதற்குள் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னவளுக்குத் தொண்டை. பண்பலையில் ராத்திரி நிகழ்ச்சி நடத்துகிறாள் அல்லவா, பத்து மணிக்கு மேல் குரல் கனமாக இருந்தால்தான் எடுபடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலைந்து மாதமாகக் குரலைக் கீழே கீழே இறக்கிப் பேசியிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்காருவாள். அப்புறம் பேச்சு நடு வாக்கியத்தில் உடைய ஆரம்பித்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மனசு போகிற போக்கு உனக்குத் தெரியாதா?

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, குரல்வளையைத் திரையில் காட்டினார். கட்டி இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றியுள்ள தசைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள், அந்தக் களைப்புதான் என்றார். அதற்கு ஒரு பெயர் சொன்னார் பார், 'போகார்ட் பக்கால் சிண்ட்ரோம்'! தன் சுருதிக்குக் கீழே பேசியே பிழைக்கிறவர்களுக்கு வருவதாம். பாடகர்கள், நடிகர்கள், வானொலிக்காரர்கள். இரண்டு சினிமாக்காரர்களின் பெயரை வியாதிக்கு வைத்திருக்கிறார்கள். இப்போது சின்னவள் அடுக்களையில் நின்று, டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வர 'ஊ' என்று இழுக்கிறாள். பயிற்சியாம். அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி இருக்கிறது. ஆனால் குரல் தேறி வருகிறது.

போகார்ட் யார் என்று தெரியும், பழைய ஹாலிவுட் கதாநாயகன் ஹம்ஃப்ரி போகார்ட். பக்கால் யார் என்று யோசித்தால், நமக்குத் தெரிந்தவள்தான்டீ. ரயிலில் கொலை நடக்கும் அந்தப் படம், 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்', விடுதிக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனோமே. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும் ஓர் அமெரிக்க அம்மாள் வருவாளே, அவள்தான் லாரன் பக்கால். நீ பாதியில் தூங்கிவிட்டாய். கொலைகாரன் யார் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் சொன்னேன்.

வியாதிக்குப் பெயர் கொடுத்தவளைத் தெரிந்துகொள்ளாமல் விடுவேனா? அவளே 1978இல் எழுதிய சுயசரிதை ஒன்று இருக்கிறது. சின்னவள் வரவழைத்துக் கொடுத்தாள். ராத்திரி தூக்கம் வராத நேரமெல்லாம் அதுதான். அமெரிக்காவில் அதற்குப் பெரிய இலக்கியப் பரிசே கிடைத்திருக்கிறது. கொடுக்கலாம்தான், வேறு யாரையும் வைத்து எழுதி வாங்கிய மாதிரி இல்லை.

பிறந்தது 1924இல், நியூயார்க்கில். பெற்றவர்கள் வைத்த பெயர் பெட்டி ஜோன் பெர்ஸ்கி. அவள் சிறுமியாக இருக்கும்போதே அப்பா பிரிந்து போய்விட்டார். அம்மா அலுவலக வேலை பார்த்து வளர்த்தாள். அம்மா பிறந்த வீட்டுப் பெயரில் பின்பாதி பக்கால், அதை எடுத்துக்கொண்டாள். நடிப்புப் பள்ளியில் ஒரு வருஷம் படித்தாள். அடுத்த வருஷத்துக்குப் பணம் இல்லை. உதவித்தொகை ஆண்பிள்ளைகளுக்குத்தான் என்றார்களாம். இந்தச் சங்கதி கடல் கடந்தாலும் மாறவில்லை பார். அதே பள்ளியில் படித்த ஒரு ஏழைப் பையன் மெல்லிய கோட்டோடு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தான். தன் மாமாவின் பழைய கோட்டைக் கேட்டு வாங்கி அவனுக்குக் கொடுத்தாள். அந்தப் பையன் கர்க் டக்ளஸ். பின்னால் ஒரு தயாரிப்பாளரிடம் அவனைப் பற்றிச் சொல்லி, முதல் பட வாய்ப்புக்கு வழி செய்ததும் இவள்தான்.

வயிற்றுப்பாட்டுக்குத்தான் மாடலிங். துணிக் கம்பெனிகள் நிறைந்த ஏழாவது அவென்யூவில், வாங்க வரும் வியாபாரிகள் முன்னால் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்து காட்டுகிற வேலை. ஜவுளிக்கடை பொம்மை மாதிரி என்று வைத்துக்கொள். நடுநடுவே தியேட்டரில் டிக்கெட்டைப் பார்த்து இருக்கை காட்டினாள். எந்த நாடகத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று போட்டிருக்கும் பத்திரிகையை, நாடகக்காரர்கள் சாப்பிட வரும் ஓட்டல் வாசலில் நின்று விற்றாள். வாங்குகிறவர்களில் யாராவது தயாரிப்பாளர் இருக்க மாட்டாரா என்ற ஆசைதான்.

1943 மார்ச் மாத 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகை அட்டையில் அவள் படம் வந்தது. சின்னவள் அதைத் தேடி எடுத்துக் காட்டினாள். யுத்த காலம். செஞ்சிலுவைச் சங்கத்தின் ரத்ததானக் கதவுக்கு முன்னால் தனியாக நிற்கிறாள். அடர்நிற உடுப்பு, தொப்பி, கையில் பை. சிரிப்பு இல்லை. அதைப் பார்த்த உடனே அவள் அழகி என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பெண் எதற்கோ காத்திருக்கிறாள், உள்ளே போவாளா திரும்பிவிடுவாளா என்றுதான் தோன்றியது. அப்போது அவளுக்கு வயசு பதினெட்டு.

டைரக்டர் ஹாவர்ட் ஹாக்ஸின் மனைவி அந்த அட்டையைப் பார்த்துக் கணவரிடம் காட்டினாள். பெண் ரயிலேறி ஹாலிவுட் போய்ச் சேர்ந்தாள். வாரம் நூறு டாலர், ஏழு வருஷ ஒப்பந்தம். புருவத்தை மழித்து, பல்லை நேராக்க வேண்டும் என்று ஸ்டூடியோ ஒப்பனைக்காரர் சொல்ல, ஹாக்ஸ் தொடக்கூடாது என்றுவிட்டார். அதோடு விட்டிருந்தால் மகாராஜன். பெயரை மட்டும் லாரன் என்று மாற்றினார். கூடப் பழகினவர்கள் கடைசி வரை பெட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்த ஹாக்ஸ் யூதர்களைப் பற்றி மட்டமாக ஏதோ சொல்ல, தானும் யூதப் பெண் என்று வாய் திறக்கப் பயந்து சும்மா இருந்துவிட்டதை அவள் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாள். எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க வேண்டியிருந்தது.

குரல் சங்கதிக்கு வருகிறேன். பெண்கள் உணர்ச்சிவசப்பட்டால் குரல் மேலே போய்க் கீச்சிடும், அது தனக்குப் பிடிக்காது, எந்தக் காட்சியிலும் குரல் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்று ஹாக்ஸ் சொல்லிவிட்டார். இவள் காரை எடுத்துக்கொண்டு மல்ஹாலண்ட் டிரைவ் என்ற மலைப்பாதைக்குப் போனாள். ஆள் அரவம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி, ஒரு நாவலை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஆனால் உரக்க, பக்கம் பக்கமாக வாசித்தாள். கேட்கிறவர்கள் யாரும் இல்லை. நம் பாட்டு வாத்தியார்கள் மந்தர ஸ்தாயி சாதகத்துக்கு விடியற்காலையில் காவேரிக் கரைக்குப் பிள்ளைகளைத் துரத்துவார்களே, அதுதான். நம் சின்னவளும் இதையேதான் செய்திருக்கிறாள், வாத்தியார் இல்லாமல்.

1944இல் வந்த முதல் படம் 'டு ஹேவ் அண்ட் ஹேவ் நாட்'. எதிரே போகார்ட். முதல் காட்சியில் அறை வாசலில் சாய்ந்து நின்று தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்கிறாள். அவர் தூக்கிப் போட, பிடித்து, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, குச்சியைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டுப் போகிறாள். எவ்வளவு திமிர் என்று இருக்கும். ஆனால் படப்பிடிப்பில் அவளுக்குக் கை நடுங்கியது, தலையும் ஆடியது. மோவாயை மார்போடு ஒட்டுகிற மாதிரி கீழே இறக்கி வைத்துக்கொண்டால் தலை ஆடுவது நிற்கிறது என்று கண்டுபிடித்தாள். மோவாய் கீழே போனதால் கண்ணை உயர்த்தித்தான் எதிரே நிற்பவரைப் பார்க்க முடிந்தது. அந்தப் பார்வைக்கே விளம்பரக்காரர்கள் 'தி லுக்' என்று பெயர் வைத்து நாடெங்கும் ஒட்டினார்கள். உலகமே மயக்கும் பார்வை என்று நினைத்தது வெறும் பயம்டீ விசாலம். இதைப் படித்தபின் அந்தக் காட்சியை நாலு தடவை பார்த்துவிட்டேன். இப்போது எனக்கு மோவாய் மட்டும்தான் தெரிகிறது.

அதே படத்தில் அவள் பாடவும் செய்கிறாள். ஆண்டி வில்லியம்ஸ் என்ற பையனைப் பாடவைத்துப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். இவள் குரலுக்கு ஒட்டிவரும் பெண் குரல் கிடைக்கவில்லை போலிருக்கிறது! கடைசியில் படத்தில் இருப்பது தன் குரல்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். விடுதி நாடகத்தில் உனக்கு எப்போதும் ராஜா வேஷம்தான் வந்தது என்று அழுதாயே, நினைவிருக்கிறதா?

போகார்டுக்கு அப்போது நாற்பத்து நாலு வயசு. இவளுக்குப் பத்தொன்பது. அவருக்கு வீட்டில் மனைவி வேறு. இவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள், நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். 1945 மே மாதம், ஒஹாயோவில் ஒரு நண்பரின் பண்ணை வீட்டில் கல்யாணம். எனக்கு இன்னும் அது பிடித்தம் இல்லை. ஆனால் அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள், என் பிடித்தம் யாருக்கு வேண்டும்?

அடுத்த படத்தைப் பத்திரிகைகள் கிழித்துவிட்டன. முதல் படத்தில் தலையில் வைத்து ஆடிய அதே ஆட்கள். அதற்கு முன்பே எடுத்து முடித்து வெளியிடாமல் வைத்திருந்த 'தி பிக் ஸ்லீப்'பில் இவள் காட்சிகளை மறுபடி எடுக்காவிட்டால் இந்தப் பெண் அவ்வளவுதான் என்று ஏஜென்ட் ஸ்டூடியோ முதலாளிக்கு எழுதினார். கொஞ்சம் திமிர் சேர்த்துப் புதிதாக எடுத்து 1946இல் வெளியிட்டார்கள். பிழைத்தாள். அதன்பிறகு பிடிக்காத வேஷத்தை மறுப்பதும், ஸ்டூடியோ சம்பளம் இல்லாமல் உட்காரவைப்பதுமாகப் பல வருஷம் போயிற்று. நடுவில், மர்லின் மன்றோவோடு நடித்த 'ஹவ் டு மேரி எ மில்லியனர்' (1953) நல்ல கூத்து. சின்னவளைக் கேட்டு வாங்கிப் பார்.

போகார்டுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கடைசி நாட்களில் மாடிப்படி இறங்க முடியவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டு ஏற்றி இறக்கும் சின்ன லிஃப்ட் ஒன்று இருந்தது. அதில் அவரை உட்காரவைத்துச் சமையலறைக்கு இறக்கி, அங்கிருந்து சக்கர நாற்காலியில் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் நண்பர்கள் வரும் நேரத்துக்குச் சவரம் செய்து, கோட்டுப் போட்டு, கையில் கிளாஸோடு தயாராக இருப்பார். 1957 ஜனவரி 14இல் போய்விட்டார். முதல் படத்தில் விசில் அடிப்பதைப் பற்றி அவள் பேசும் வசனம் ஒன்று ரொம்பப் பிரசித்தம். அதன் நினைவாக ஒரு சின்னத் தங்க விசிலை அவர் அஸ்தியோடு வைத்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயசு. பையனுக்கு எட்டு, பெண்ணுக்கு நாலு.

அப்புறம் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா. கல்யாணப் பேச்சு வந்தது, எவனோ பத்திரிகைக்காரியிடம் உளறினான், சேதி வெளியே வந்ததும் மனுஷன் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை. அப்புறம் நடிகர் ஜேசன் ரோபார்ட்ஸோடு கல்யாணம். எட்டு வருஷம். குடி. சொல்ல ஒன்றும் இல்லை.

உன் பிள்ளை பெங்களூருக்கே வந்துவிடு என்று நச்சரிப்பதாக எழுதியிருந்தாயே. அதைப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் இதையும் படித்தேன். இவள் கலிஃபோர்னியா வீட்டை விற்றுவிட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பினாள். டகோட்டா என்ற பழைய கட்டடத்தில் 1961இல் குடிபோனவள், 2014இல் சாகும் வரை ஐம்பத்து மூன்று வருஷம் அங்கேயேதான். உனக்கு யோசனை சொல்ல நான் யார்? மேலமாசி வீதி வீட்டுக் கொல்லையில் இன்னும் பவழமல்லி பூக்கிறதா என்று மட்டும் எழுது.

நியூயார்க்கில் மேடை ஏறினாள். 1970இல் 'அப்ளாஸ்' என்ற இசை நாடகம். வாரத்துக்கு எட்டுக் காட்சி, ஆட்டம், பாட்டம், நாற்பத்தைந்து வயசில். அந்தக் குரலை வைத்துக்கொண்டு! பள்ளி நாளில் அவள் சாமி மாதிரி கும்பிட்ட நடிகை பெட்டி டேவிஸ். அந்த டேவிஸ் சினிமாவில் செய்த வேஷம்தான் இது. நாடகம் பார்க்க டேவிஸே வந்து, இதை நீ ஒருத்திதான் செய்ய முடியும் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போனாளாம். நாடகத்துக்கான டோனி விருது கிடைத்தது, 1981இல் இன்னொன்று. ஆஸ்கர்தான் ஆட்டம் காட்டியது. 1997இல் இவளுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருக்க, ஜூலியட் பினோஷைக் கூப்பிட்டார்கள். லாரனுக்குத்தான் கிடைக்கும் என்று நினைத்தேன் என்று அந்தப் பெண்ணே மேடையில் சொன்னாள். கேமரா இவள் முகத்துக்குப் போனது. பாவம். 2009இல் கௌரவ ஆஸ்கர் என்று ஒன்றைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள்.

தான் செத்தால் பத்திரிகைகள் போகார்டைப் பற்றித்தான் எழுதும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்படியே ஆயிற்று. நானும் இந்தக் கடிதத்தில் அந்த ஆளுக்கு எவ்வளவு இடம் கொடுத்துவிட்டேன் பார். டாக்டரும் அவர் பெயரைத்தான் முதலில் சொன்னார்.

உனக்கு மட்டும் இந்த வியாதி வராதாம், கேட்டுவிட்டேன். பிறவிக் கட்டைக் குரலுக்கு இறக்கிப் பேச என்ன இருக்கிறது? சின்னவளுக்கு உன் குரலைக் கேட்க வேண்டுமாம், இயல்பாகத் தாழ்ந்த குரல் எப்படி இருக்கும் என்று. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடு. போனை அவள் எடுத்து 'சொல்லுங்க சார்' என்றால், கேஸ் கம்பெனிக்காரனிடம் கத்தின மாதிரிக் கத்தாதே.

நார்த்தங்காய் போட்டாயிற்று. வெயிலில் இன்னும் இரண்டு நாள் காய வேண்டும். தம்பி மதுரைக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன். கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்களா?

உன்,
கௌரி