உறைநிலைக் குரோசான் குறித்துப் பதின்மூன்றாம் முறையாகப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
நங்கநல்லூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 31.05.2025

பொருள்: உறைநிலை வெண்ணெய்க் குரோசான் பெட்டிகளில் தவறான செய்முறை அச்சிட்டிருப்பதும், உருகி மீண்டும் உறைந்த சரக்கை விற்றதும், புகாருக்குப் பதில் தராமல் அலைக்கழித்ததும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த மே 9ஆம் நாள் எங்கள் பகுதிப் பல்பொருள் அங்காடியில் உங்கள் நிறுவனத்தின் வெண்ணெய்க் குரோசான் (பிறை வடிவப் பிரெஞ்சு ரொட்டி) மூன்று பெட்டிகளை, பெட்டி 480 ரூபாய் வீதம் 1,440 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அன்று முதல் இன்று வரை இருபத்திரண்டு நாள்களில் ஏழு முறை உங்கள் சேவை எண்ணை அழைத்தேன். நான்கு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். ஒரு முறை நேரிலும் வந்து திரும்பினேன். என்னிடம் இப்போது ஐந்து புகார் எண்கள் இருக்கின்றன, ஒரு பதில்கூட இல்லை. உங்கள் பொருளை உங்களைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது என்ற நம்பிக்கையில், கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் எழுத்தில் வைக்கிறேன்.

மே 11, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சம்பந்தி வீட்டார் முதல் முறையாகச் சிற்றுண்டிக்கு வருவதாக இருந்தார்கள். சம்பந்தி அம்மாள் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவர். நல்ல குரோசான் எப்படி இருக்க வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்காகவே வாங்கினேன். உங்கள் பெட்டியின் பின்புறத்தில், துண்டுகளைத் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, இரவு முழுவதும், அதாவது 8 முதல் 10 மணி நேரம், அறை வெப்பநிலையில் மூடி வைத்தால் இரு மடங்காக உப்பும் என்றும், பின்பு 180 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் சுட வேண்டும் என்றும் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒரு எழுத்து பிசகாமல் அதையே செய்தேன். முதல் பெட்டியிலிருந்து ஆறு துண்டுகளையும் இரண்டாம் பெட்டியிலிருந்து இரண்டையும் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அடுக்கி வைத்தேன். இரண்டாம் பெட்டியில் மீதி நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறை வடிவமே இல்லாமல் தட்டையாகச் சரிந்து, மேலே பனித்துகள் படிந்து கிடந்தன. அவற்றைப் பிரிக்காமல் அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

காலை ஐந்தரை மணிக்கு மூடியைத் திறந்தால் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மாவு உப்பி, பின்பு அமுங்கி, பரந்து கிடந்தது. தட்டைச் சற்றுச் சாய்த்தபோது, பட்டர் பேப்பரின் ஒரு மூலையில் மஞ்சள் நிறத்தில் உருகிய வெண்ணெய் குளம்போலத் திரண்டு நின்றது. விரலால் தொட்டால் எண்ணெயைப்போல ஓடியது. வேறு வழியின்றிச் சுட்டேன். அடிப்பக்கம் அந்த வெண்ணெயிலேயே பொரிந்து கறுத்துவிட்டது. கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, தேன்கூடுபோலக் கண்கண்ணாக இருக்க வேண்டிய உட்புறம் பன்னைப்போல இறுகியிருந்தது. நடுவில் ஒரு விரல் தடிமனுக்கு வேகாத கொழுக்கட்டை மாவுபோலச் சாம்பல் நிறக் கோடு ஓடியது. வாயில் வைத்தால் முதலில் கரிப்பிடித்த கசப்பு, பிறகு புளிப்பு. வெண்ணெய் மணம் மருந்துக்கும் இல்லை. எங்கள் தெருமுனைப் பேக்கரியின் முட்டை பப்ஸ்கூடக் கடித்தால் மடிமடியாக உதிர்கிறது.

சம்பந்தி அம்மாள் ஒரு துண்டை எடுத்து, ஒரு வாய் கடித்து, மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் காபி மட்டும் குடித்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. நாற்பது ஆண்டுகளாக இந்தக் குடும்பத்தில் நான் சமையலில் சேர்த்து வைத்த பெயர் அந்த ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது. அதற்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள்?

இங்கே, முதலில் எழுதியிருக்க வேண்டிய ஒன்றை எழுதுகிறேன். மே 14ஆம் நாள் மாலை நான்கு மணியளவில், என் மூன்றாவது அழைப்பை எடுத்த உங்கள் ஊழியர், நான் சொன்னதை முழுவதும் கேட்பதற்கு முன்பே, “மேடம், இந்த மாதிரி ஃபாரின் அயிட்டமெல்லாம் நம்ம வீட்டு அடுப்புல சரியா வராது, நீங்க இட்லி தோசையே பண்ணுங்க” என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவரும் சிரித்தது எனக்குக் கேட்டது. நான் 2011 முதல் வீட்டில் ஓடிஜி என்ற சிறிய மின் அடுப்பு வைத்து ரொட்டியும் கேக்கும் சுட்டுவருகிறவள். அப்படியே நான் ஒன்றும் அறியாதவளாக இருந்தாலும், நம் வீட்டு அடுப்பில் வராத பொருளை நம் ஊர்க் கடையில் ஏன் விற்கிறீர்கள்? அந்த அழைப்பைப் பதிவு செய்வதாக உங்கள் இயந்திரக் குரலே தொடக்கத்தில் சொன்னது. தயவுசெய்து அந்தப் பதிவை எடுத்து நீங்களே கேளுங்கள்.

மன்னிக்கவும், பொருளைப் பற்றிய செய்திக்கு வருகிறேன். குரோசான் மாவு என்பது மாவும் வெண்ணெயும் மாறிமாறி மடிக்கப்பட்ட அடுக்குகள். அடுப்பின் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துத் தூக்குவதால்தான் அது அடுக்கடுக்காக வருகிறது. அதற்கு, அடுப்புக்குள் போகும் வரை வெண்ணெய் கெட்டியாக இருந்தாக வேண்டும். வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். அதற்கு முன்பே நெகிழத் தொடங்கும். கத்திரி வெயில் காலத்தில் எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி இரவு பதினொரு மணிக்கு 33 காட்டியது. அந்த வெப்பத்தில் பத்து மணி நேரம் வைத்தால் ஈஸ்ட் அளவுக்கு மீறிப் பொங்கி அடங்கும், வெண்ணெய் வழிந்து போகும். நீங்கள் சொல்லும் ‘அறை வெப்பநிலை’ 20 டிகிரி உள்ள குளிர்நாட்டுச் சமையலறைக்கு உரியது. பெட்டியில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, செய்முறையை மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். 180 டிகிரி என்பது விசிறி உள்ள அடுப்புக்கா, இல்லாததற்கா என்றும் அதில் இல்லை. இரண்டுக்கும் ஏறத்தாழ 20 டிகிரி வேறுபாடு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இதை ஊகமாக எழுதவில்லை. மே 18 அன்று மூன்றாம் பெட்டியை முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, காலையில் ஏசியை 25 டிகிரியில் ஓடவிட்ட அறையில் மூன்று மணி நேரம் உப்பவைத்து, விசிறி இல்லாத என் அடுப்பை 200 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிச் சுட்டேன். ஆறும் உப்பின. மேலோடு கடிக்கும்போது சத்தம் கேட்டது, உள்ளே அடுக்குகள் தெரிந்தன, வெண்ணெய் மணந்தது. உங்கள் பொருள் நல்ல பொருள்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. பெட்டியில் நான்கு வரி சரியாக எழுதியிருந்தால் என் சம்பந்தி வீட்டாரின் முன் நான் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

இனி அந்த ஒட்டிய நான்கு துண்டுகள். -18 டிகிரியில் வைக்க வேண்டும், ஒரு முறை உருகினால் மீண்டும் உறையவைக்கக் கூடாது என்று அச்சிட்டிருப்பதும் நீங்கள்தான். துண்டுகள் ஒட்டி, சரிந்து, பனித்துகள் படிந்திருந்தால் வழியில் எங்கோ உருகி மீண்டும் உறைந்தது என்றுதான் பொருள். அங்காடியில் கேட்டால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். உங்களைக் கேட்டால் அங்காடியைக் கேளுங்கள் என்கிறீர்கள். நான்காவது அழைப்பில் பேசியவர், மாதிரியை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள உங்கள் விநியோகக் கிடங்குக்குக் கொண்டு வந்தால் மாற்றித் தருவதாக உறுதி சொன்னார். மே 21 அன்று தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டி நிரப்பி, முழங்கால் வலியோடு ஆட்டோவில் போனேன். போக வர 900 ரூபாய். வாயிலில் காவலர் தகரக் கொட்டகையின் கீழ் ஒரு மணி இருபது நிமிடம் உட்கார வைத்தார். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் ஒருவர் வந்து, மூடியைத் திறந்து பார்த்து, “இது உருகிடுச்சும்மா, உருகின சரக்கை நாங்க வாங்க முடியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உருகியதைத்தான் புகார் செய்ய வந்தேன், உங்கள் வாசலில் காத்திருந்த நேரத்தில் மீண்டும் உருகியது என்று நான் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. நான் வந்து போனதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 1,440 ரூபாயையும் ஆட்டோக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். மே 14 அழைப்புக்காக எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பமான ஊர்களுக்கு ஏற்ற செய்முறையைப் பெட்டியில் தமிழிலும் அச்சிட வேண்டும்.

பதினைந்து நாள்களுக்குள், அதாவது ஜூன் 15ஆம் நாளுக்குள், பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், உங்கள் பெட்டியில் உள்ள பதினான்கு இலக்க உரிம எண்ணைக் குறிப்பிட்டு உணவுப் பாதுகாப்புத் துறையிடமும் புகார் பதிவு செய்வேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. அங்கே மன உளைச்சலுக்காக 50,000 ரூபாய் கேட்பேன். அந்த நிலைக்கு என்னைத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ரசீது, மூன்று பெட்டிகளின் அட்டைகள், ஒட்டிய துண்டுகளின் படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன. தயவுசெய்து ஆறாவது புகார் எண் ஒன்றை மட்டும் அனுப்பாதீர்கள். பெயரும் பொறுப்பும் குறிப்பிட்டு ஒரு மனிதர் பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர், நங்கநல்லூர்.