மஞ்சளுக்குக் கறுப்பு அடித்தால் புதுச் சாமானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முத்திரை சேர்ப்பவர்கள், பழைய நாணயம் சேர்ப்பவர்கள் பற்றி உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது படிக்கிறேன். வீடியோ கேம் பாத்திரங்களின், கைகால் அசைகிற பிளாஸ்டிக் பொம்மைகளான அக்‌ஷன் ஃபிகர்களைச் சேர்க்கிற ஆட்களும் வன்னியில் இருக்கிறோம். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். கிளிநொச்சியில் எனக்குத் தெரிந்து, என்னையும் சேர்த்து மூன்று பேர். அம்மா இன்னமும் இவற்றைப் "பாவைப்பிள்ளை" என்றுதான் சொல்லுவா. முப்பத்தாறு வயது மகன் அலுமாரி நிறையப் பாவைப்பிள்ளை வைத்திருக்கிறான் என்று கோயிலில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறா. சரி, அது கிடக்கட்டும்.

2002 இல் சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 பாதை திறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. ஜேர்மனியிலிருந்து வந்த சித்தப்பா, தன் பிள்ளைகள் விளையாடி அலுத்த சேகா மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதனோடு மோர்ட்டல் கொம்பாட் என்ற சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகமும் வந்தது. எங்கள் பக்கம் கரண்ட் இல்லாத காலம். பக்கத்து வீட்டு ஜெனரேட்டருக்கு நாங்கள் மண்ணெண்ணெய் வாங்கிக் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் விளையாடலாம். ஸ்கோர்ப்பியன், சப்-சீரோ, ரெப்டைல் என்ற பெயர்கள் எங்களுக்கு வாயில் நுழையவில்லை. மஞ்சள், நீலம், பச்சை, அவ்வளவுதான். மஞ்சள் யாருக்கு என்பதில் தம்பிக்கும் எனக்கும் அடிபிடி. 2006 ஓகஸ்டில் பாதை மூடியது. பிறகு ஊர் ஊராக ஓடியதில் அந்தப் பெட்டி எங்கே தவறியது என்று தெரியவில்லை.

ஆகவே மஞ்சள்காரன் ஸ்கோர்ப்பியன்மேல் எனக்கு ஒரு பாசம். அவனுடைய ஏழு அங்குல ஃபிகர் ஒன்று, கனடாவில் ஒரு கடையில் மட்டும் விற்கிற "எக்ஸ்குளூசிவ்" பதிப்பாக வருகிறது என்று அறிந்ததும், ஸ்காபரோவில் இருக்கிற மச்சானுக்கு அடுத்தடுத்து வொய்ஸ் போட்டேன். அவன் கடைக்குப் போனபோது தட்டு வெறுமையாம். வந்ததையெல்லாம் யாரோ அள்ளிப்போய் இணையத்தில் இரண்டு மடங்குக்கு விற்றார்கள். அதில்தான் வாங்கினான். எங்கள் காசுக்குப் பதினையாயிரம் ரூபாய் வரை வந்தது. இரண்டு மூடை நெல் விற்ற காசு என்று வையுங்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தவன், பெட்டி நசியாமல் உடுப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். அவனில் பிழையில்லை.

திறந்து பார்த்தால், என்னிடம் ஏற்கெனவே நிற்கிற சாதாரணப் பதிப்பின் அதே உடம்பு. அதே மடிப்பு, அதே இடுப்புப்பட்டி, இடது தோளில் அதே சின்ன வடுகூட. மஞ்சள் இருந்த இடத்தில் கறுப்பு, கரையில் கொஞ்சம் பொன்நிறம். பெட்டியின் முன்னால் கடையின் பெயரோடு பளபளக்கிற ஸ்டிக்கர். வித்தியாசம் அதோடு முடிந்தது.

நிறம் மாற்றுவதே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அந்த விளையாட்டையே குறை சொன்னதாகிவிடும். 1992 இல் மிட்வே நிறுவனம் முதல் பாகத்தைச் செய்தபோது டானியல் பெசினா என்ற ஒரே நடிகரைப் படம்பிடித்து, உடையின் நிறத்தை மாற்றித்தான் ஸ்கோர்ப்பியனையும் சப்-சீரோவையும் உருவாக்கினார்கள். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்று ரெப்டைலை இரகசியப் பாத்திரமாக ஒளித்து வைத்தார்கள். ஆனால் நிறம் மாறியபோது ஆளும் மாறினான். ஒருவன் கயிறு எறிந்து "வா இங்கே" என்று இழுத்தான், மற்றவன் உறைய வைத்தான். கையில் இருந்த கொஞ்ச நினைவகத்துக்குள் அவர்கள் செய்த கெட்டித்தனம் அது. என் கறுப்புக்காரனுக்குப் புதிதாக ஒரு வாள் இல்லை, ஒரு கை இல்லை.

இந்த வியாபாரம் நடக்கிற விதமும் விளங்காமல் இல்லை. ஃபிகர் செய்வதில் அதிகச் செலவு உருக்கு அச்சுக்குத்தான். ஒருமுறை வெட்டிய அச்சில் எத்தனை நிறத்திலும் வார்க்கலாம். கடை மொத்தமாக ஓடர் கொடுக்கிறது, கம்பனிக்கு விற்குமோ விற்காதோ என்ற பயமில்லை, கடைக்கு வேறெங்கும் கிடைக்காத சாமான் கிடைக்கிறது. இரண்டு பகுதிக்கும் லாபம். வாங்குகிறவனுக்கு? கிடைக்காது என்ற பதைப்பு மட்டும்.

அதையும் பொறுத்திருப்பேன். பெட்டியின் பின்பக்கப் படத்தில், முகமூடி கழற்றிய மண்டையோட்டுத் தலை இருக்கிறது. ஸ்கோர்ப்பியனை அறிந்தவர்களுக்கு அதுதான் உயிர். முகமூடியைக் கழற்றி நெருப்பு ஊதுவானே! சாதாரணப் பதிப்பில் தம்பி எடுத்துப்போன அந்தத் தலை, இதிலாவது கிடைக்கும் என்று இருந்தேன். உள்ளே தலை இல்லை. அடியில் எறும்பெழுத்தில், படத்தில் உள்ளவை எல்லாம் உள்ளே இராது என்று போட்டிருக்கிறது.

வலக்கண்ணின் வெள்ளை இமைக்கு வெளியே வழிந்திருக்கிறது. வாள் பழுத்த புடலங்காய்போல வளைந்திருந்தது. அதைச் சுடுதண்ணீரில் போட்டு நிமிர்த்தி, பச்சைத்தண்ணீரில் பிடித்து இறுக்கிவிட்டேன். பிளாஸ்டிக்குக்கு அந்த வைத்தியம் கேட்கும். கணுக்காலுக்குக் கேட்கவில்லை. வலது கணு தொளதொளவென்று இருந்தது. இடது கணு நிறப்பூச்சில் ஒட்டிப்போயிருக்க, சுடுதண்ணீரில் வைத்தும் அசையாமல், மெல்லத் திருப்பியபோதே உள்முளை "டிக்" என்று முறிந்தது. கனடாவில் இருக்கிறவன் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போவான். இரட்டை விலைக்கு இணையத்தில் வாங்கிய சாமானைப் பரந்தன் சந்தியில் நின்றுகொண்டு யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. போன கிழமையும் "எப்பிடி மச்சான், நிக்குதோ?" என்று கேட்டான். "நிக்குது" என்றேன். சுவரில் சாய்த்து வைத்திருப்பதால் பொய்யில்லை.

உங்கள் வாசகர்களில் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இதே பைத்தியம் பிடித்தவர் யாரும் இருந்து, அந்த மண்டையோட்டுத் தலை உதிரியாகக் கையில் இருந்தால், பத்திரிகை வழியாக அறியத் தாருங்கள். மாற்றுக்கு என்னிடம் நீலம் இரண்டு நிற்கிறது. இரண்டும் சொந்தக் காலில்.

இப்படிக்கு,
பரந்தனிலிருந்து ஒரு வாசகன்